பன்னிரண்டாவது பெயர்

அந்த ரிசீவரில் மல்லிகை வாசனை வரும். வாய் வைத்துப் பேசுகிற பக்கத்தில், துளைகளின் மேல், எட்டணா அகலத்துக்கு ஒரு வாசனை வில்லையை மும்தாஜ் மாமி ஒட்டி வைத்திருப்பார். மாதம் பிறந்தால் புது வில்லை. முதல் வாரம் மூக்கை அடைக்கிற மல்லிகை. மாதக் கடைசியில் மல்லிகை வற்றி, அதற்கு அடியிலிருந்து தெருவில் பாதிப் பேருடைய வெற்றிலையும் பீடியும் காப்பியும் கலந்த மூச்சு மெல்ல எழும்பி வரும். இன்றைக்கும் எங்காவது மலிவான மல்லிகை சென்ட் அடித்தால் எனக்குக் கல்யாண வீடு நினைவுக்கு வருவதில்லை. காது சில்லிட்டுப்போகிறது, அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அது ஒரே போன். மும்தாஜ் மாமியின் வீட்டுக்காரருக்குச் சாக்கு வியாபாரம். முன்னறையில் கட்டுக்கட்டாகச் சாக்கு, அதன் மேல் ஏறி விளையாடினால் உடம்பெல்லாம் அரிக்கும். வியாபாரத்துக்கு வந்த போன் தெருவுக்கும் ஆகிவிட்டது. எங்கள் தெருக்காரர்கள் யார் பத்திரிகை அடித்தாலும், யாருக்கு விலாசம் எழுதிக் கொடுத்தாலும், கடைசி வரியில் "பி.பி." என்று போட்டு மாமி வீட்டு நம்பரை எழுதுவார்கள்; அடுத்த வீட்டுப் போன், கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அதற்கு அர்த்தம். மாமியும் சளைக்காமல் கூப்பிட்டுக் கொடுப்பார். பொதுச்சுவருக்கு மேலே முக்காடு போட்ட தலை தெரியும். "ஏட்டி, ஒங்களுக்குப் போனு. ஓடியா, காசு ஓடுது." ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நான் ஓடுவேன். சாவு, இல்லாவிட்டால் யாராவது ஊரிலிருந்து வருகிறார்கள். போன் என்றால் அதுவரை இந்த இரண்டில் ஒன்றுதான்.

அந்த வருடம் நான் ஆறாம் வகுப்பு. அப்பா முருகேசனுக்கு ஒரு நூல் மில்லில் வேலை. தளவாய்புரத்து வியாபாரி ஒருவர் நைட்டித் துணியை வெட்டிக் கொடுத்து வீடுகளில் தைத்து வாங்கிக்கொண்டிருந்தார். மோட்டார் வைத்த தையல் மெஷின் இரண்டு போட்டால் அம்மாவும் இன்னொரு பெண்ணும் தைக்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது, அதற்குப் பணம் வேண்டும், "பைனான்ஸில்" கேட்கலாம் என்று முடிவாயிற்று. ஒரு சாயங்காலம் அப்பா மஞ்சள் தாளில் அச்சடித்த விண்ணப்பத்தோடு வந்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் வீட்டுக் கடுதாசி எல்லாம் நான்தான் எழுதுவது. அதையும் என்னிடம்தான் நீட்டினார்.

தாளின் கடைசியில் "தெரிந்தவர்கள் இருவர்" என்று போட்டு இரண்டே இரண்டு கோடு இருந்தது.

"ரெண்டு பேருதானா," என்றார் அப்பா. முகம் வாடிவிட்டது. பிழைப்புக்காகத் தேவதானத்திலிருந்து ஒற்றை டிரங்குப் பெட்டியோடு வந்தவர் அவர். இந்த ஊரில் பத்து வருடமாகச் சேர்த்தது என்று அவரிடம் இருந்தது மனிதர்கள்தான். "நமக்கு ரெண்டு பேருதான்னு அவிய நெனச்சிரப்படாதுல்லா. நீ எழுது, ஓரத்துல எடம் கெடக்கு."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மில் பிட்டர். ரேஷன் கடைக்காரர். மாங்காய் மண்டி முதலாளி. தேவதானத்தில் இருந்த அப்பாவின் சித்தப்பா. மும்தாஜ் மாமியின் வீட்டுக்காரர், பி.பி. நம்பரோடு. கோடு தீர்ந்து, ஓரம் தீர்ந்து, தாளைத் திருப்பிப் பின்பக்கம் போனோம். பதினொரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் அப்பாவின் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்ததை இப்போதும் பார்க்க முடிகிறது. வேறு எங்கும் யாரும் இந்தத் தப்பைச் செய்வார்களா தெரியாது. கடன் கேட்கிற தாளைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி நினைத்து, சொந்தபந்தங்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினோம் நாங்கள்.

அப்பா கை கழுவப் போன நேரத்தில் நானாகப் பன்னிரண்டாவது பெயரை எழுதினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மாமா. அப்பாவின் அக்காவை, என் அத்தையை, கட்டியவர். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் மானேஜர். மேஜையும் சுழல்நாற்காலியும் சொந்தப் போனும் வைத்துக்கொண்டு உத்தியோகம் பார்ப்பவர் எங்கள் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். மண்டபத்து நம்பர் எனக்கு மனப்பாடம். அதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. எழுதி அடியில் கோடும் போட்டேன்.

மெஷின்கள் வந்தன. இரண்டு மாதம் வீடு முழுக்கப் பூப்போட்ட துணி. மூன்றாவது மாதம் தளவாய்புரத்து வியாபாரி துணி அனுப்பவில்லை, நான்காவது மாதம் ஆளே இல்லை. அம்மா மெஷின்களின் மேல் பழைய சேலையைப் போர்த்தினாள். தவணை நின்றது.

பிறகு அவர் வந்தார். பைனான்ஸிலிருந்து வருபவர் மீசையும் தடியுமாக இருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். இவர் ஒல்லி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, செயின் கவர் போட்ட சைக்கிள். குரல் உயராது. பணம் என்ற சொல்லே அவர் வாயில் வராது. அவருடைய தொழில் முழுவதும் ஒரே கேள்வி. மாங்காய் மண்டியில் நாலு பேர் இருக்கும்போது போய் நிற்பார். "முருகேசண்ணாச்சி நல்லா இருக்காவளா? ரெண்டு மாசமாப் பாக்க முடியல. ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு விசாரிச்சிட்டுப் போலாம்னு வந்தேன்." சொல்லிவிட்டுக் கும்பிட்டுப் போய்விடுவார். மண்டிக்காரர்தான் மற்றவர்களைப் பார்ப்பார், மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். யார் இவர், முருகேசனுக்கு என்ன, எதற்கு விசாரிக்கிறார் என்று அவர்களே ஆரம்பித்து, அவர்களே முடித்துக்கொள்வார்கள். ரேஷன் கடையில் வரிசை நீளமாக இருக்கிற நாளைப் பார்த்துப் போனார். தேவதானத்துக்குப் பஸ் ஏறிப்போய்ச் சித்தப்பாவிடம் விசாரித்தார். நான் எழுதிய வரிசையில், நான் எழுதிய நம்பர்படி, ஒன்று விடாமல்.

மில் வாசலுக்கு ஷிப்ட் விடுகிற நேரத்தில் வந்தார். மறுநாளிலிருந்து மில்லில் அதுவே பேச்சு. "ஏலே முருகேசா, ஒன்னய நலம் விசாரிக்க ஆளு வந்திருக்குடா, ராசா வீட்டுப் பிள்ளையால்லடா நீ" என்று கேலி. ஒரு வாரம் சிரித்தார்கள். பிறகு டைம் ஆபீசில் கூப்பிட்டு, இதெல்லாம் மில் வாசலில் வேண்டாம் என்று சொன்னார்களாம். அன்றிலிருந்து அப்பா கழிவுப் பஞ்சு கிடங்கு வழியாகப் பின்கேட்டில் வெளியேற ஆரம்பித்தார். வீட்டுக்கு வரும்போது தலை, புருவம், காதுமடல் எல்லாம் பஞ்சு. அம்மா அவரை உட்காரவைத்து ஒவ்வொன்றாக எடுப்பாள். அவர் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் சண்டை இல்லை, அழுகை இல்லை. பஞ்சு எடுக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டால், அப்படி இருந்தது வீடு.

அந்த ஆள் போனிலும் விசாரித்தார்; முதல் மூன்று தடவை மும்தாஜ் மாமி அப்பாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். மூன்றாவது தடவை, ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பிய அப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பார் போல. நாலாவது தடவை நான் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். மாமி எடுத்தார், அந்தப் பக்கத்துக் குரலைக் கேட்டார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இது சாக்குக் கடை. எத்தன சாக்கு வேணும்?"

அந்தப் பக்கம் ஏதோ சொன்னது.

"முருகேசனா? அப்படி ஒரு சாக்கு நம்மகிட்ட இல்லியே. கோதுமைச் சாக்கு இருக்கு, பருத்திச் சாக்கு இருக்கு. ஓட்டச் சாக்கும் இருக்கு, வெல கொறச்சுத் தாரேன்."

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ கணக்கப் போடுட்டி." அதற்குமேல் அதைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் இதேதான். சாக்கின் தினுசு மட்டும் மாறும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை மகள் செல்வி மதினிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மாமா மானேஜராக இருக்கிற அதே மண்டபத்தில். அப்பா தாய்மாமன். பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டியவர். எங்களைப் போன்றவர்களுக்கு வாழ்நாளில் ஊர் பார்க்க மேடை ஏறக் கிடைப்பது இந்த ஒரு தடவைதான். தவணை நின்ற பிறகும் அப்பா அந்த ஒன்றை மட்டும் விடவில்லை. புது வேட்டி, சட்டைத்துணி, மதினிக்குப் பட்டு, எல்லாம் மில்லில் சீட்டுப் போட்டு வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். மற்றதெல்லாம் போகட்டும், மேடையில் நிற்கிற அந்தக் கால்மணி நேரம் நம்முடையது என்பது போல ஒரு நடை அவரிடம் இருந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாமா வந்தார். உட்காரவில்லை.

"மாப்ள, அந்தாளு மண்டபத்துக்கு வந்தாரு. சம்பந்தி வீட்டுக்காரவ அட்வான்சு குடுத்திட்டு இருக்காவ. அவிய முன்னால நின்னுகிட்டு, முருகேசண்ணாச்சி சொகமாங்காரு. என் ஆபீசு நம்பர ஏன்யா எழுதிக் குடுத்தீரு?"

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு கண் இமைக்கிற நேரம். பன்னிரண்டாவது பெயர் அவர் சொன்னதில் இல்லை என்பது அவருக்குத் தெரியும், எழுதிய கை யாருடையது என்பதும் தெரியும்.

"நாந்தான் மச்சான். தெரியாம எழுதிட்டேன்."

"கல்யாணத்தன்னைக்கு வந்து நின்னாருன்னா? சம்பந்தி முன்னால, சபை முன்னால? பொண்ணு போயி வாழப்போற எடம்." மாமா கோபப்படவில்லை. கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். "ஒமக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கிடுதேன். ஒம்ம சித்தப்பா மகன் நிக்கட்டும். மனசுல வச்சிக்கிடாதீரு."

அப்பா தலையாட்டினார். டிரங்குப் பெட்டியைத் திறந்து மதினியின் பட்டை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தார். காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றார்.

கல்யாணத்தன்று காலையில் இரவு ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, அம்மாவும் நானும் மட்டும் போகலாம் என்று சொன்னார். அம்மா அரிசியைக் களையப் போனாள். மும்தாஜ் மாமி குடும்பத்தோடு கடையநல்லூரில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். கோழிக்குத் தீனி போடச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். தீனி போட்டுக்கொண்டிருந்தேன். முகூர்த்த நேரம் கடந்து செத்த நேரம்தான் ஆகியிருக்கும். போன் அடித்தது.

எடுத்தேன். புது வில்லை, மல்லிகை மூக்கை அடைத்தது. அதற்குப் பின்னால், தூரத்தில், மேளச் சத்தம்.

"யாரு, பாப்பாவா? அப்பா இருக்காவளா?"

சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். இது சாக்குக் கடை. மூன்று சொல். வாயைத் திறந்தேன். ஒரு பெரியவர் மரியாதையாகக் கேட்கிறார், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி "இருங்க, கூப்பிடுறேன்" என்றுதான் வந்தது. ரிசீவரைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு, சுவருக்கு மேலே எக்கி, அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பா வந்தார். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்ற முகத்தோடு எடுத்தார். குரல் எனக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, கல்யாணத்துக்கு வந்தேன். தாய்மாமன் எடத்துல வேற ஆளு நிக்காவ. ஒங்களக் காணல. ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அக்கா மகளின் கல்யாண மேளத்தை, சாக்குக் கட்டுகளுக்கு நடுவே, பஞ்சு ஒட்டிய காதில்.

"இல்ல. நல்லா இருக்கேன்," என்றார். வைத்தார். "கோழிக்குத் தண்ணி வச்சியாம்மா?" என்று கேட்டார்.

கடன் எப்படியோ அடைந்தது. மெஷின்கள் பாதி விலைக்குப் போயின, மிச்சத்துக்கு அப்பா பி.எப்.பில் எடுத்தார். தீபாவளிக்கு அத்தை பலகாரத்தோடு வந்தாள், மதினியும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்தார்கள், யாரும் யாரோடும் பேச்சை நிறுத்தவில்லை. விசாரிப்பது மட்டும் நின்றுபோயிற்று. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நல்லா இருக்கியா என்று கேட்பதில்லை. பிற்காலத்தில் வீட்டுக்குப் போன் வந்தபோது அப்பா அந்த நம்பரை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. எந்தத் தாளிலும் தெரிந்தவர்கள் என்று கேட்டிருந்த இடத்தை வெறுமனே விட்டார். நாலு வருடத்துக்கு முன் இறந்துபோனார். பன்னிரண்டாவது பெயரைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இப்போது எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. சென்ற மாதம் ஒருநாள் பியூன் வந்து, "மேடம், ஒங்களக் கேட்டு ஆபீஸ் போன்ல யாரோ" என்றார். ஒரு பெண் குரல். சின்ன வயது. "வணக்கம் மேடம், எப்படி இருக்கீங்க? கார்த்திக் உங்களுக்கு என்ன உறவு?" கார்த்திக் செல்வி மதினியின் மகன். வேலை தேடுகிறான். செல்போனில் ஒரு ஆப்பில் கடன் வாங்கியிருக்கிறான். அன்றிலிருந்து இதே அழைப்பு என் கைபேசிக்கும் வந்தது, மதினிக்கும் வந்தது, அவனோடு படித்தவர்களுக்கு, அவன் பைக்கைப் பழுது பார்க்கிறவருக்கு, மதினியின் சம்பந்திக்கு, எல்லோருக்கும். எல்லோரையும் எப்படி இருக்கீங்க என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மதினியின் மகள் வயிற்றுப் பேரனுக்குக் காதுகுத்து, வன்னியம்பட்டியில் மருமகன் வீட்டுக் கோவிலில். பிள்ளையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன் கார்த்திக். வரமாட்டேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டான் என்று மதினி போனில் அழுதாள். போனேன்.

"அத்தை, அந்த ஆப்பு அனுமதி குடுன்னு கேட்டுச்சு. படிச்சே பாக்கல, அமுக்கிட்டேன்," என்றான். "முந்நூறு நம்பரு இருந்துச்சு. அம்புட்டையும் எடுத்துக்கிட்டானுவ. அங்க வந்து நின்னா ஒவ்வொருத்தரும் என் மூஞ்சியத்தான் பாப்பாவ. அக்கா வீட்டுக்காரர் தம்பி மடியில வச்சிக்கிடட்டும்."

"எனக்கும்தான் போன் வந்துச்சு. ஆபீசுக்கே வந்துச்சு. நான் போகப்போறேன்லா," என்றேன். "சட்டைய மாத்து. இல்ல, மாத்தாமலேயே வா. மடி இருந்தாப் போதும்."

அன்று அவன் சட்டையை மாற்றவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனில் ஏறும்போது கடைசி ஸீட்டில் உட்கார்ந்திருந்தான்.

கோவிலில் பலகை போட்டு அவனை உட்காரவைத்து, மொட்டை போட்ட பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் மதினியும் பின்னால் நின்றோம். அந்த நேரத்தில்தான் சொன்னேன். ஏன் அப்போது சொன்னேன் என்று தெரியவில்லை.

"மதினி, மண்டபத்து நம்பர எழுதுனது அப்பா இல்ல. நான்."

மதினி பிள்ளையைப் பார்த்தபடியே சொன்னாள். "தெரியும்ட்டி. அந்தாளு தாளையே எங்கப்பாட்ட காட்டுனாராம். மாசாமாசம் ஒன் கடுதாசி படிக்கிறவருக்கு ஒன் எழுத்துத் தெரியாதா? சாகுற வரைக்கும் சொல்லுவாரு, மாப்ள முருகேசனுக்குப் பொய் சொல்லத் தெரியலன்னு."

ஆசாரி பிள்ளையின் காதுமடலைப் பிடித்துப் பார்த்தார்.

என் கைபேசி அதிர்ந்தது. எடுத்தேன்.

"வணக்கம் மேடம், எப்படி இருக்கீங்க? கார்த்திக் பக்கத்துல இருக்காரா?"

"இது சாக்குக் கடை," என்றேன். "எத்தன சாக்கு வேணும்?"

"மேடம்?"

"கோதுமைச் சாக்கா, பருத்திச் சாக்கா?"

மதினி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் துண்டித்துவிட்டது. ஊசி ஏறியது, பிள்ளை வீறிட்டான், கார்த்திக் அவன் மொட்டைத் தலையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒண்ணுமில்லடா ஒண்ணுமில்லடா என்று சொன்னான். அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. பிள்ளையின் காதைத்தான் பார்த்தார்கள்.

மும்தாஜ் மாமி இப்போது இல்லை. சாக்குக் கடை இருந்த இடத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி; மண்டிகளில் சணல் சாக்கு போய் வெள்ளைப் பிளாஸ்டிக் பை வந்துவிட்டது. பொதுச்சுவர் இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது, அதற்கு மேல் ஒரு தலையும் தெரிவதில்லை. பத்திரிகைகளில் "பி.பி." போடுகிறவர்கள் இல்லை. அவரவர் போன் அவரவர் கையில் இருக்கிறது, எடுத்து நமக்காகப் பதில் சொல்ல நடுவில் ஒருவரும் கிடையாது.

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி அதிர்ந்தது. வேறு நம்பர். காதில் வைத்தேன். கைபேசியின் கண்ணாடிக்கு வாசனை இல்லை.

"சாக்குக் கடை," என்றேன்.